புது பிக்கப்பில் இரண்டு நடுக்கங்கள்

வாங்கிய நாளிலிருந்து 90-ஐத் தாண்டினால் நடுங்கிக்கொண்டிருந்த பிக்கப் இப்போது 110-இலும் அமைதியாக ஓடுகிறது. நடுவில் நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன். இதே தொல்லையோடு சர்வீஸ் சென்டருக்கு நடையாய் நடக்கிறவர்கள் நிறையப் பேர், பெரும்பாலும் எல்லோருக்கும் கிடைக்கிற பதிலும் ஒன்றுதான்: "பிக்கப்னா இப்படித்தான் சார் இருக்கும்."

வண்டி டபுள் கேப், நான்கு சிலிண்டர் டீசல், ஆறு கியர், இழுவை பின் சக்கரங்களில். ஏணிச் சட்டம், பின்னால் பட்டை ஸ்பிரிங், கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்கு இரண்டு துண்டு ப்ரொபெல்லர் ஷாஃப்ட், நடுவில் சென்டர் பேரிங். டயர் 265/65 ஆர் 17. இந்த விவரங்களெல்லாம் பிற்பாடு கணக்குக்குத் தேவைப்படும்.

90-இல் தொடையின் கீழே சீட்டில் ஒரு துடிப்பு ஆரம்பிக்கும். 100-இல் உள் கண்ணாடியில் பின்னால் வரும் வண்டியின் விளக்கு இரண்டாகத் தெரியும். தரையிலிருந்து ம்ம்ம் என்று ஒரு முனகலும் சேர்ந்துகொள்ளும். ஸ்டீயரிங்கில் மட்டும் அவ்வளவாக ஆட்டம் இல்லை. எரிச்சல் எதில் என்றால், இது நிலையாக இருக்காது. ஒரு நீண்ட வளைவைத் திரும்பி நேர் சாலைக்கு வந்தால் காணாமல் போயிருக்கும். அடுத்த வளைவுக்கு அப்புறம் முழு வேகத்தில் திரும்பி வரும். சர்வீஸ் அட்வைசரை உட்கார வைத்து ஓட்டிக் காட்டிய அன்று வண்டி சமர்த்தாக ஓடியது.

இப்படி ஒளிந்து விளையாடுவதற்கு ஒரு காரணம் உண்டு, அப்போது எனக்குத் தெரியாது. ஒரே ஆக்சிலில் இரண்டு பக்கச் சக்கரங்களும் கொஞ்சம் கோணலாக இருந்தால், இரண்டின் மேடும் ஒரே நேரத்தில் தரையைத் தொடும்போது துடிப்பு கூடும். ஒன்று மேலே இருக்கும்போது மற்றது கீழே இருந்தால் ஓரளவு கழிந்துவிடும். வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் உள்பக்கத்தைவிட அதிக தூரம் உருள்கிறது. ஆகவே ஒவ்வொரு வளைவும் அந்த இரண்டு மேடுகளின் பொருத்தத்தை மாற்றிவிடுகிறது.

காற்றும் பேலன்சிங்கும்

முதலில் பார்த்தது காற்று. ஓட்டுநர் கதவுச் சட்டத்து ஸ்டிக்கரில் குளிர்ந்த டயருக்கு 33 பி.எஸ்.ஐ. என்று இருந்தது. கேஜை வைத்தால் நான்கிலும் 46, 47. தொழிற்சாலையை விட்டுக் கிளம்பி யார்டில் நிற்கப்போகும் வண்டிக்கு டயர் ஒரே இடத்தில் சப்பையாகாமல் இருக்கக் காற்றைக் கூடுதலாக அடித்து அனுப்புவது வழக்கம். கைக்கு வருவதற்கு முன் குறைக்க வேண்டும். டெலிவரிக்கு முந்தைய சோதனைப் படிவத்தில் அதற்கென்று ஒரு கட்டமே இருக்கிறது. என் படிவத்தில் அந்தக் கட்டத்தில் டிக் அடித்திருந்தது.

33-க்குக் கொண்டுவந்ததும் பள்ளம் மேடுகளில் வண்டி மென்மையானது. 100-இல் நடுக்கம் அப்படியே இருந்தது.

அடுத்த சந்தேகம் சப்பை. டயரின் பக்கச் சுவரில் உள்ள குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரித்த வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். 3823 என்றிருந்தால் 2023-ஆம் ஆண்டின் 38-ஆவது வாரம். அதையும் விலைச்சீட்டுத் தேதியையும் வைத்துப் பார்த்தால் என் டயர்கள் முக்கால் வருடத்துக்கு மேல் எங்கோ நின்றிருக்கின்றன. நின்றதால் வந்த தற்காலிகச் சப்பை, டயர் சூடேறினால் சரியாகிவிடும். அரை மணி நேரம் ஓட்டிச் சூடாக்கிய பிறகும் துடிப்பு ஒரு இழை குறையவில்லை. சரி, அது இல்லை.

சர்வீஸ் சென்டர் அவர்கள் பங்குக்கு வீல் பேலன்சிங் செய்தார்கள். மறுபடி போனபோது மறுபடி செய்தார்கள், கூடவே அலைன்மென்ட்டும். அலைன்மென்ட் தவறினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஒருச்சாய்ந்து தேயும். 100-இல் மட்டும் சீட் நடுங்குவதற்கும் அதற்கும் சம்பந்தம் குறைவு. பேலன்சிங் மெஷின் விஷயம் வேறு. அது சக்கரத்தை அந்தரத்தில், மேலே பாரம் எதுவும் இல்லாமல் சுற்றிப் பார்க்கிறது. எடை எந்தப் பக்கம் கூடுதல் என்று மட்டும் சொல்லும். முட்டை வடிவத்தில் ஒரு சக்கரம் செய்து மாட்டினாலும் வெயிட் ஒட்டி ஒட்டிப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிடலாம்; தரையில் உருட்டினால் குதிக்கத்தான் செய்யும். பாரத்தோடு ஒரு ரோலரை டயர் மேல் அழுத்திச் சுற்றும் மெஷினும் உண்டு. அவர்களிடம் இருந்தது சாதாரண மெஷின்.

போனை வைத்து அளந்தது

இந்த இடத்தில்தான் வேலை உருப்படியாக ஆரம்பித்தது. "நடுங்குகிறது" என்று சொல்வதை நிறுத்திவிட்டு, வினாடிக்கு எத்தனை முறை நடுங்குகிறது என்று பார்க்க முடிவு செய்தேன். ஜெர்மனியின் ஆஹன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய ஃபைஃபாக்ஸ் என்ற இலவசச் செயலியில் போனின் அதிர்வு உணரியை வைத்து, எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு நடுக்கம் என்று படம் வரைய முடியும். போனை இரட்டைப் பக்க டேப்பால் சீட்டின் இரும்புத் தண்டவாளத்தில் ஒட்டினேன். குஷன் மேலோ, கப் ஹோல்டரிலோ வைத்தால் அவற்றின் சொந்த ஆட்டமும் கலந்துவிடும்.

அளப்பதற்கு முன் எதிர்பார்க்க வேண்டிய எண்களைக் காகிதத்தில் போட்டுக்கொண்டேன். டயரில் ஒரு சாக்பீஸ் கோடு, தரையில் ஒரு கோடு. வண்டியைத் தள்ளி டயர் ஒரு முழுச் சுற்று சுற்றி நின்ற இடத்தில் இன்னொரு கோடு. தூரம் 2.37 மீட்டர். 100 கி.மீ. வேகம் என்றால் வினாடிக்கு 27.8 மீட்டர்; அதை 2.37-ஆல் வகுத்தால் 11.7. ஆக டயர் சம்பந்தப்பட்ட நடுக்கம் என்றால் 11.7 ஹெர்ட்ஸில், அதாவது வினாடிக்கு 11.7 முறை என்ற இடத்தில் நிற்க வேண்டும். பின் ஆக்சிலுக்குள் கிரவுன் என்ற பெரிய பற்சக்கரத்தில் 41 பல், ஷாஃப்ட் சுற்றுகிற பினியன் என்ற சின்னதில் 11 பல், விகிதம் 3.73. சக்கரம் ஒரு சுற்று சுற்றுவதற்குள் ஷாஃப்ட் அத்தனை சுற்று. அப்போது ஷாஃப்டின் இடம் 43.6. ஷாஃப்டைக் கோணத்தில் சுழலவிடும் இணைப்பான யூ ஜாயிண்ட்டின் கோணம் சரியில்லை என்றால் ஒரு சுற்றுக்கு இரண்டு உதை, அதாவது 87. ஆறாவது கியரில் 100-இல் இன்ஜின் ஏறக்குறைய 1900 ஆர்.பி.எம்.; நான்கு சிலிண்டரில் ஒரு சுற்றுக்கு இரண்டு வெடிப்பு, எனவே 63 ஹெர்ட்ஸ்.

வேகத்தை ஜி.பி.எஸ்.ஸில் பார்க்க வேண்டும். ஸ்பீடோமீட்டர் எப்போதும் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும். என்னுடையது 105 காட்டும்போது உண்மையில் 100.

நல்ல தார்ச்சாலை, காலை நேரம், ஒரே வேகம். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து பதிவு செய்தார். ஓட்டிக்கொண்டே போனைப் பார்க்கிற வேலை இது அல்ல. படத்தில் 11.7-இல் ஒரு நெட்டைக் கோபுரம், 43.6-இல் இன்னொன்று. முதலாவது 0.31, அடுத்தது 0.22, மீட்டர்/வினாடி² அளவில். நான் தேடியது ஒரு குற்றவாளியை, அகப்பட்டது இரண்டு. ஒன்றைச் சரி செய்தால் மற்றது மிச்சமிருந்து "இன்னும் அப்படியேதான் இருக்கு" என்று சொல்ல வைத்திருக்கும்.

இவை போதாதென்று 37-இல் ஒரு சின்னக் கோபுரம். என் கணக்கில் 37 எதுவுமே இல்லை. சென்டர் பேரிங்கா, ஆல்டர்னேட்டரா என்று நிறைய நேரம் அதன் பின்னால் போனேன். கடைசியில் விஷயம் போனில் இருந்தது. அந்தப் போன் வினாடிக்கு 100 முறைதான் அளக்கிறது. அப்படியென்றால் 50 ஹெர்ட்ஸுக்கு மேல் இருப்பதை அது சரியாகப் பார்க்க முடியாது. மேலே இருப்பது மடங்கிக் கீழே வேறொரு இடத்தில் முளைக்கும். 63 மடங்கினால் 100-இலிருந்து 63 போக 37. இன்ஜினின் சாதாரணத் துடிப்புதான். வினாடிக்கு 400 முறை அளக்கும் இன்னொரு போனை இரவல் வாங்கி வைத்தபோது 37 காணாமல் போய் 63-இல் நின்றது. அதே போனில் 87-இல் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை. யூ ஜாயிண்ட் கோணம் மேல் இருந்த சந்தேகம் அங்கேயே போய்விட்டது. டிஜிட்டல் கோணமானியை வைத்தும் பார்த்தேன்: முன் ஜாயிண்ட் 2.1 டிகிரி, பின் ஜாயிண்ட் 1.6. இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு டிகிரிக்குள் இருந்தால் போதும்.

நேரான, காலியான சாலையில் 100-இலிருந்து நியூட்ரலில் விட்டுப் பார்த்ததில் 63 மறைந்தது, 11.7-உம் 43.6-உம் அசையவில்லை. ஐந்தாவது கியருக்கு மாற்றியபோதும் அவை அங்கேயே. ஆகவே இன்ஜின், கிளட்ச், இன்ஜின் மவுண்டிங் எல்லாம் கணக்கை விட்டு வெளியே. பின்னால் 200 கிலோ மணல் மூட்டை ஏற்றி ஒரு ஓட்டம் ஓட்டினேன்: 11.7-இன் கோபுரம் உயரம் குறைந்தது, 43.6-இன் கோபுரம் மாறவே இல்லை. காலி பிக்கப்பின் பின்பக்கம் லேசு, ஸ்பிரிங்கோ பாரத்துக்கென்று செய்த முரட்டு ஸ்பிரிங்; சக்கரத்தின் சின்னக் குதிப்பையும் அது அப்படியே மேலே அனுப்பிவிடும். "பிக்கப்னா இப்படித்தான்" என்பதில் உண்மை இந்த அளவுக்குத்தான். குதிப்பே இல்லையென்றால் அனுப்புவதற்கு ஒன்றுமில்லை.

சக்கரம்

கருவிகள்: டயல் கேஜ் (முனை நகரும் நுண்ணிய தூரத்தை முள்ளால் காட்டும் அளவி), அதற்குக் காந்தத் தாங்கி, ஜாக்கி, இரண்டு ஜாக்கி ஸ்டாண்டு, டார்க் ரெஞ்சு. கேஜும் தாங்கியும் சேர்ந்தே ஒரு டயர் விலையில் சின்னப் பங்குதான் வரும். காந்தம் ஒட்ட ஒரு கனமான இரும்புத் தகட்டைத் தரையில் போட்டுக்கொண்டேன்.

பின் சக்கரத்தைக் கையால் சுற்ற வேண்டுமென்றால் ஹேண்ட் பிரேக்கை விட வேண்டும், கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவர வேண்டும். அதனால் முன் சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, ஆக்சிலை ஸ்டாண்டில் உட்கார வைத்த பிறகுதான் விட்டேன். ஜாக்கியை மட்டும் நம்பி ஒரு விரலைக்கூட உள்ளே விடக் கூடாது.

டயரின் பட்டன்கள் (தரையைத் தொடும் ரப்பர் கட்டங்கள்) மேல் கேஜ் முனை துள்ளும். நடு வரிசையைச் சுற்றி மாஸ்க்கிங் டேப்பை ஒரே ஒரு சுற்று இறுக்கமாக ஒட்டினால் முனை வழுக்கிக்கொண்டு போகும். இந்த ஒரு வேலையில் பொறுமை போனால் எண்கள் எல்லாம் குப்பை. டேப்பின் இரண்டு நுனியும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் முட்டி நிற்க வேண்டும். சக்கரத்தை மெல்லச் சுற்றி, மிகத் தாழ்ந்த இடத்தில் பூஜ்யம் வைத்து, மிக உயர்ந்த இடத்தைச் சாக்பீஸால் குறித்தேன்.

மூன்று சக்கரங்கள் 0.6, 0.7, 0.9 மி.மீ. பின் இடது சக்கரம் 1.7. முள் ஒரு சுற்றுக்கு ஒரே முறை மெதுவாக ஏறி, மெதுவாக இறங்கியது. நின்று சப்பையான டயர் என்றால் ஓரிடத்தில் பொசுக்கென்று விழுந்து எழும்பும். இது சப்பை அல்ல, மையம் தள்ளியது.

மையம் தள்ளியது டயரா, ரிம்மா, ஹப்பா? ஆறு நட்டையும் கழற்றி, சக்கரத்தை மூன்று போல்ட் தள்ளி, அதாவது பாதிச் சுற்று திருப்பி மாட்டினேன். உயரமான இடம் சக்கரத்தோடேயே வந்தது. ஹப் தப்பித்தது. மாட்டும் முன் ஹப் முகத்தில் கெட்டியாக ஒட்டியிருந்த பாதுகாப்பு மெழுகைச் சுரண்டி எடுத்தேன். ரிம் முழுக்கப் படிந்து உட்கார அதுவும் முக்கியம். நட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி, கையேட்டில் உள்ள டார்க்குக்கு இறுக்கினேன்.

பிறகு ரிம்மின் விளிம்பில் கேஜை வைத்தேன். 0.5 மி.மீ. அதன் மேடு டயரின் மேட்டுக்கு நேர் கீழே. டயர் தனியாக 1.2, ரிம் தனியாக 0.5, இரண்டும் ஒரே பக்கம் கூடி 1.7. டயரை ரிம் மேலேயே பாதிச் சுற்று திருப்பினால் 1.2-இலிருந்து 0.5 கழிந்து 0.7 வர வேண்டும்.

இதை வீட்டில் செய்ய முடியாது. டயர் கடையில் காற்றை இறக்கி, டயரின் உள்விளிம்பை ரிம்மிலிருந்து விடுவித்து, திருப்பி மாட்டினார்கள். டயரில் இருக்கும் மஞ்சள் புள்ளியை வால்வுக்கு நேராக வைப்பதுதான் அவர்கள் பழக்கம். அது டயரின் எடை குறைந்த பக்கத்தைக் காட்டும் குறி, வடிவத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது. புள்ளி வால்வுக்கு எதிர்ப்பக்கம் போவதை அந்தக் கடைக்காரர் விரும்பவில்லை. பேலன்ஸ் செய்யக் கூடுதலாக 30 கிராம் வெயிட் பிடித்தது, அவ்வளவுதான் நஷ்டம். திரும்ப அளந்தால் 0.7, கணக்குப் போட்டபடியே. சீட் தண்டவாளத்தில் 11.7 ஹெர்ட்ஸ் கோபுரம் 0.31-இலிருந்து 0.09-க்கு இறங்கியது. உள் கண்ணாடியில் விளக்கு ஒன்றாகத் தெரிந்தது.

ஷாஃப்ட்

தரையின் முனகல் மட்டும் போகவில்லை, 43.6 அதே 0.22. அதே வேகத்தில் ஆக்சிலேட்டரை அழுத்தினாலும் விட்டாலும் அளவு மாறவில்லை என்பதால் ஷாஃப்டின் சமநிலைதான் காரணம் என்று பட்டது. கேஜில் பின் துண்டின் நடுவில் 0.3 மி.மீ. ஓட்டம் (சுற்றும்போது முள் ஏறி இறங்கும் அளவு), பினியன் ஃபிளேஞ்சுக்கு, அதாவது ஷாஃப்டைப் பின் ஆக்சிலோடு போல்ட் போட்டுச் சேர்க்கும் தட்டுக்குப் பக்கத்தில் 0.9.

வாரண்டியில் இருக்கும் வண்டியில் ஷாஃப்ட் போல்ட்டைக் கழற்ற மனம் வரவில்லை. எதையும் கழற்றாமல் செய்யக்கூடிய பழைய மெக்கானிக் வித்தை ஒன்று உண்டு: ரப்பர் குழாயை இறுக்கப் போடும் திருகு வளையம், ஹோஸ் கிளிப். திருகு இருக்கும் பக்கம் கனம் கூடுதல், அதுவே ஒரு வெயிட். ஷாஃப்டின் பின் நுனிக்கு அருகில் சுற்றுவட்டத்தை நான்காகப் பிரித்து 1, 2, 3, 4 என்று பெயிண்ட் பேனாவால் எழுதி, கிளிப்பின் திருகை ஒவ்வொன்றாக அந்த இடங்களில் நிறுத்தி, ஒவ்வொரு முறையும் அதே சாலையில் 100-இல் ஓட்டினேன். கிளிப்பின் வால் எதிலும் உரசாமல் வெட்டிவிட வேண்டும். பிரேக் குழாய், எரிபொருள் குழாய் எதற்கும் பக்கத்தில் வராததையும் பார்த்துக்கொண்டேன். ஓடி நின்றதும் சைலன்சர் கொதிக்கும், உடனே கீழே படுக்க முடியாது. காத்திருப்பதில்தான் நேரம் போனது.

1-இல் 0.32, 2-இல் 0.27, 3-இல் 0.13, 4-இல் 0.21. ஷாஃப்டில் கனம் குறைந்த பக்கம் 3-ஐ ஒட்டி, சற்றே 4-இன் பக்கம். இரண்டாவது கிளிப்பையும் அங்கேயே சேர்த்து மாட்டி, இரண்டையும் அந்தப் பக்கம் லேசாக நகர்த்தியதும் 0.05. முனகல் போய், ஏசி ஃபேன் சத்தம் கேட்க ஆரம்பித்தது.

கிளிப்போடு காலம் தள்ள முடியாது. அது நோயைக் கண்டுபிடிக்க மட்டுமே. படங்களை அச்சிட்டுக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போனேன். கிளிப் இல்லாமல் 43.6-இல் உயரமாக ஒரு கோபுரம், கிளிப்போடு தரைமட்டம். முன்பெல்லாம் அட்வைசரோடு முடிந்துவிடும் பேச்சு, இந்த முறை ஒர்க்ஷாப் ஃபோர்மனிடம் போனது. அவர் படத்தை இரண்டு நிமிஷம் பார்த்தார், லிஃப்டில் ஏற்றச் சொன்னார். என் கிளிப்புகளைக் கழற்றிவிட்டு, பினியன் ஃபிளேஞ்சின் நான்கு போல்ட்டையும் எடுத்து, ஷாஃப்டை 180 டிகிரி திருப்பி மாட்டினார். ஃபிளேஞ்சின் கோணலும் ஷாஃப்ட் நுனியின் கோணலும் அதுவரை ஒரே பக்கம் கூடியிருந்தன, இப்போது எதிரெதிர். 0.9 இருந்த ஓட்டம் 0.3 ஆனது, கோபுரம் 0.06. புது ஷாஃப்ட் வாரண்டியில் வேண்டுமா என்று கேட்டார். இதைவிட நன்றாக ஓடும் என்று உறுதி இல்லாத ஒரு பாகத்தை எதற்கு வாங்க வேண்டும், வேண்டாம் என்றேன்.

கான்கிரீட் சாலையில், பலகைகளின் இணைப்பு வரிசையாக வரும் இடத்தில் 70 வாக்கில் வண்டி இன்னும் முன்னும் பின்னுமாகத் தலையாட்டுகிறது. நியூட்ரல், கியர், டயர் எதற்கும் அது மசியவில்லை, தார்ச்சாலையில் சுத்தமாக இல்லை. ஏணிச் சட்டத்தின் குணம், அதைச் சகித்துக்கொள்கிறேன்.

இன்னொரு முறை செய்வதாக இருந்தால் போனில் அளப்பதை முதல் வாரத்திலேயே செய்துவிடுவேன், அதுவும் முதலிலேயே 200-க்கு மேல் அளக்கும் போனாகப் பார்த்து. டயல் கேஜ் முனைக்குச் சின்ன உருளை வைத்தது கிடைக்கிறது. அது இருந்தால் டேப் வேலையே மிச்சம். டயரைச் சுழற்சி முறையில் மாற்றும்போது டயரைத் திருப்பி மாட்டிய அந்த 0.7 சக்கரத்தைப் பின்பக்கமே வைத்துக்கொள்வேன், முன்னால் போனால் ஸ்டீயரிங்குக்கு வரலாம்.

ஜாப் கார்டில் "ஷாஃப்ட் பினியன் ஃபிளேஞ்சில் 180 டிகிரி திருப்பப்பட்டது" என்று எழுதி வாங்கியிருக்கிறேன். தொழிற்சாலை வைத்த பெயிண்ட் குறி ஃபிளேஞ்சிலும் ஷாஃப்டிலும் அப்படியே இருந்தது. நாளைக்கு யூ ஜாயிண்ட் மாற்ற யாராவது கழற்றினால் அதைப் பார்த்துப் பழைய இடத்திலேயே மாட்டிவிடுவார்கள். வயர் பிரஷ்ஷால் அதைத் தேய்த்து எடுத்துவிட்டு, இப்போதைய நிலைக்கு வெள்ளைக் குறி போடச் சொல்லி, போட்ட பிறகுதான் வண்டியை லிஃப்டிலிருந்து இறக்க விட்டேன்.